என்ஜின் மேல் ஒரு பார்சல்

கனிஷ்காவின் லேப்டாப் நல்ல பிள்ளை. வாரண்டி முடியும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தது. முடிந்த மறுவாரமே வயிற்றை உப்பிக்கொண்டது. டச்பேட் மேலே எழும்பிவிட, மூடி மூட மறுத்தது. வேதியியல் படித்தவள் என்பதால் அவளுக்கு விஷயம் புரிந்தது. பேட்டரிக்குள் வாயு சேர்ந்திருக்கிறது. சூடோ அழுத்தமோ பட்டால் தீப்பிடிக்கலாம். புரிந்ததில் லாபம் ஒன்றுமில்லை. பயம்தான் கூடுதலாகக் கிடைத்தது.

கம்பெனியின் உதவி எண்ணில் ஒரு பெண் தேன் தடவிய குரலில் பேசினாள்.

"உங்கள் பாதுகாப்பே எங்களுக்கு முக்கியம், மேடம். உடனே லேப்டாப்பைப் பயன்படுத்துவதை நிறுத்திவிடுங்கள்."

"நிறுத்திட்டேன். பேட்டரியை மாத்தித் தருவீங்களா?"

"வாரண்டி முடிந்துவிட்டது, மேடம்."

"கூரியர்ல அனுப்பட்டுமா?"

"கூடாது, மேடம்."

"குப்பையில போடலாமா?"

"கண்டிப்பாகக் கூடாது, மேடம்."

"அப்ப வீட்டுலயே வெச்சுக்கட்டுமா?"

"அதுவும் ஆபத்து, மேடம். வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

காங்கேயத்தில் எண்ணெய் மில் நடத்தும் அவள் அப்பா பொங்கியண்ணனிடம் இவ்வளவு குழப்பம் இல்லை. காலையில் அவள் எழுந்து வந்தபோது லேப்டாப்பின் முதுகில் முழு எண்ணெய் டின் ஒன்று உட்கார்ந்திருந்தது.

"அமுக்குனா அடங்கிரும் கண்ணு. வீக்கந்தான?"

"உள்ள இருக்கறது காஸுங்கப்பா. அமுக்குனா பத்திக்கும்."

"பத்திக்குமா? அப்பக் கொப்பரைக் களத்துப் பக்கம் கொண்டு போயராத."

விஞ்ஞானத்தில் அவர் ஏற்றுக்கொண்டது அந்த ஒரு வரியைத்தான். கனிஷ்கா டின்னை மெல்ல இறக்கிவிட்டு, லேப்டாப்பை வெளிச்சுவர் ஓரம் நிழலில் ஓர் ஓட்டின் மேல் வைத்தாள்.

சிங்காநல்லூரில் பேட்டரி மாற்றித் தரும் சசிதரின் எண்ணைத் தோழி கொடுத்திருந்தாள்.

"இதுக்கா இவ்வளவு யோசனை? பஸ்ல போட்டு உடுங்க, நான் ஸ்டாண்டுல வாங்கிக்கறேன்," என்றார் சசிதர்.

"வழியில தீப்புடிச்சா?"

"இதுவரைக்கும் புடிக்கலீங்களே."

கெஞ்சியதில், ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து கழற்றித் தருவதாக ஒப்புக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பொங்கியண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை என்பது வெள்ளிக்கிழமை காலையில் தெரிந்தது. ஓட்டின் மேல் லேப்டாப் இல்லை.

"அனுப்பிப்போட்டேன் கண்ணு," என்றார், மொபெட்டை நிறுத்தியபடி. "அந்தத் தம்பிகிட்ட நானே பேசிட்டேன். போர்வையில சுத்தி, கயித்துல நல்லா இறுக்கிக் கட்டித்தான் குடுத்திருக்கறேன். டிரைவர் முஜீப்பு நம்ம ஆளு மாதிரி. ஆரும் மிதிக்கக்கூடாதுன்னு என்ஜின் மேலயே வெச்சிருக்கறாரு."

அந்தப் பக்கம் பஸ்ஸில் போகாத பொருள் கிடையாது. ஊசி மருந்து, மோட்டார் காயில், தைத்த ஜாக்கெட், மறந்துவிட்டுப்போன பல்செட் எல்லாம் போகும். ரசீது கிடையாது. பஸ் பெயரைச் சொல்லிப் போன் செய்தால் போதும். டிரைவருக்குப் பக்கத்தில், தோசை சுடலாம் போலக் காயும் அந்த என்ஜின் மூடிதான் தபாலாபீஸ். அழுத்தமும் ஆயிற்று, சூடும் ஆயிற்று. கல்லூரி ஆய்வகத்தில்கூட இவ்வளவு முறையாக யாரும் ஏற்பாடு செய்ததில்லை.

"பஸ் கிளம்பிருச்சுங்களா?"

"இன்னேரம் எடுப்பான். எதுக்கு?"

அவள் மொபெட்டைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

ஸ்டாண்டில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே நிற்க இடமில்லை. என்ஜின் மேல் அவள் அம்மாவின் பூப்போட்ட போர்வை. அதன் மேல் ஒரு மோர் டப்பா. டப்பா நகராமல் முன் சீட்டு அம்மாள் ஒருத்தி முழங்காலால் முட்டுக் கொடுத்திருந்தாள்.

"அண்ணா, அந்தப் பார்சலக் குடுங்க. எங்களுதுதான்."

கனிஷ்காவின் குரல் பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் போய்ச் சேரும். முஜீப் காதில் கை வைத்தார். அவள் மறுபடி சொன்னாள்.

"நீங்க ஆரும்மா? இது பொங்கியண்ணன் ஐயா குடுத்தது. சசிதர் கையிலதான் தருவேன்."

"நான் அவரோட பொண்ணுங்கண்ணா."

"இருக்கலாம். கேட்டவங்களுக்கெல்லாம் தூக்கிக் குடுத்தா, நாளைக்கு எவன் நம்பிப் பார்சல் போடுவான்? ஐயாவ ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க, தாரேன்."

நாட்டில் நாணயம் இன்னும் சாகவில்லை. அது சரியாக அந்தக் காலையில், அந்த என்ஜின் மேல் உட்கார்ந்திருந்தது.

அப்பாவின் போன் பிஸி. சசிதருக்குப் பஸ்ஸின் அடையாளம் சொல்லிக்கொண்டிருப்பார். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. ஐம்பது அறுபது பேர், சில குழந்தைகள், பல்லடம், சூலூர் என்று வழி நெடுக வெயில்.

கனிஷ்கா முன்படியில் தாவி ஏறினாள்.

"நிறுத்துங்க! எல்லாரும் எறங்குங்க! இந்தப் பார்சல் தீப்புடிக்கும்!"

யார் கத்துவது என்று அவளே ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள்.

முஜீப் பிரேக்கை மிதித்தார். ஜனம் இறங்கியது. இறங்கும்போதும் சீட்டில் துண்டு போட மறக்கவில்லை. அவள் அவசரத்தில் டப்பாவைக் கீழே கவிழ்த்துவிட்டு, அடிப்பக்கம் கொதித்த பார்சலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தாள். ஸ்டாண்டு மூலையில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணல்மேல் வைத்துக் கயிற்றை அவிழ்த்தாள்.

"தள்ளி நில்லுங்க!"

தள்ளி நின்றவர்கள் போனை நீட்டிக்கொண்டு கிட்டே வந்தார்கள். எல்லோரும் காத்திருந்தார்கள். லேப்டாப் வயிறு உப்பியபடி சும்மா கிடந்தது.

"என்ன அம்மணி, புகைகூட வரலியே?" என்றார் ஒருவர், டிக்கெட் எடுத்துக் கொட்டகைக்கு வந்தவர்போல.

"இதுக்குப் போயி என்ற மோர் டப்பாவக் கவுத்துப் போட்டயே!" என்றாள் முன் சீட்டு அம்மாள்.

"பின்னால வண்டி வந்துருச்சு. என் டைமிங் போச்சு," என்று முஜீப் தலையில் கை வைத்தார்.

வழக்கமாக இந்த இடத்தில் கனிஷ்கா தரையைப் பார்ப்பாள்.

"எரியாமப் போனதுக்கு மன்னிச்சுக்குங்க," என்றாள், கடைசி ஆளுக்கும் கேட்கும்படி. "அடுத்த தடவை பல்லடம் தாண்டிச் சொல்றேன்."

முன் சீட்டு அம்மாள் டப்பாவைத் துடைத்துக்கொண்டு முதலில் ஏறினாள். முஜீப் சீட்டில் உட்காருமுன் ஒருமுறை என்ஜின் மூடியைத் தொட்டுப் பார்த்தார். கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். பஸ் போயிற்று.

யாருடைய வண்டியிலோ தொற்றிக்கொண்டு பொங்கியண்ணன் வந்து சேர்ந்தார். மணலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆவலியா? அப்பறம் என்ன, அடுத்த பஸ்ல…" என்று குனிந்தார்.

"கை வெக்காதீங்கப்பா!"

டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். பொங்கியண்ணன் கையை இழுத்துக்கொண்டார். மகளுக்கு இப்படி ஒரு தொண்டை இருப்பது அவருக்கு யாரும் சொல்லாத செய்தி.

"சசிதர இங்க வரச் சொல்லுங்க. இன்னைக்கே."

அவர் மறுபேச்சில்லாமல் போனை எடுத்தார்.

"ஏனுங்க தம்பி, பார்சல் வராதுங்க. நீங்கதான் வரோணும்… ஞாயித்துக்கெழமையா?" பொங்கியண்ணன் மகளை ஓரக்கண்ணால் பார்த்துக் குரலைத் தணித்தார். "அதெல்லாம் இப்ப நான் பேச முடியாதுங்க தம்பி. பக்கத்துல நிக்குது. கெளம்பி வந்துருங்க."