வண்டியில் இடம் இருக்கிறது

சவப்பெட்டியின் மூடியை நண்பன் மில்டன் ஒரு பக்கமும் துக்கக்கூடத்து ஆள் மறுபக்கமும் பிடித்துத் தூக்கிய நேரத்தில் தெருமுனையில் அந்த ஹாரன் கேட்டது. மூன்று நீளம், ஒரு குட்டை. பைசாந்து ஊரில் பாதிப் பேருக்குப் பழகிய ஹாரன். மில்டன் மூடியை அப்படியே சுவரில் சாய்த்து வைத்துவிட்டான்.

"தபாரே வந்துட்டான். சுல்மா, கொஞ்சம் பொறுக்கலாம்," என்றான். அவன் கண்ணில் தண்ணீர்.

சுல்மா பொறுத்தாள். சாவு நடந்த இடத்துக்கு ஹாரன் அடித்துக்கொண்டு வருகிற மனிதனை அவள் கணவன் வால்டெமார் பள்ளிக்கூட நாளிலிருந்து உயிர்த்தோழன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது பெட்டிக்குள் சாம்பல் நிறக் கோட்டு போட்டுப் படுத்திருந்தான். இருபத்தெட்டு வருடம் துறைமுகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே நாலாம் நம்பர் பஸ் ஓட்டியவன். நுரையீரல் நோய் அவனைக் கடைசியில் நாற்பத்தெட்டு கிலோவாக ஆக்கியிருந்தது. கோட்டு அவனுக்கு இரவல் வாங்கியதுபோல் இருந்தது.

தபாரே உள்ளே வந்தான். அறுபத்திரண்டு வயதிலும் குதிரைவால் முடி, வெயிலில் காய்ந்து பளபளக்கிற முகம். பின்னாலேயே அவன் மனைவி லிலியான், கழுத்து நிறைய ஊர் ஊராக வாங்கிய மணிகள். வேனின் கியர்பாக்ஸ் ஒருவழியாகச் சரியாகி, பொலிவியாவிலிருந்து அர்ஜென்டினா வழியாக நாலு நாளாக ஓட்டிக்கொண்டே வந்தார்களாம். எல்லை ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வந்தபோதுதான் மில்டனின் போன் வந்ததாம். இதை லிலியான் ஒவ்வொருவர் தோளிலும் சாய்ந்து ஒவ்வொரு முறையாகச் சொன்னாள். கேட்டவர்களெல்லாம் உருகினார்கள். அவனுக்கு மனசு சொல்லியிருக்கிறது, அதுதான் நட்பு என்று மில்டன் சுல்மாவின் கையைப் பிடித்து அழுத்தினான்.

தபாரே பெட்டியின் விளிம்பில் நெற்றியை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான். கண்ணை இறுக மூடியிருந்தான். எழுந்தவன் அப்படியே திரும்பி மில்டனைக் கட்டிக்கொண்டான். நண்பன் முகத்தை அவன் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அதைக் கவனித்தவள் அந்தக் கூடத்தில் சுல்மா ஒருத்திதான்.

"மூடுங்க," என்றாள்.

பதினொரு வருடத்துக்கு முன் வீட்டை விற்று வேன் வாங்கிக்கொண்டு கிளம்பியவர்கள் அந்த இருவரும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, நண்பர்களைப் பார்க்கவென்று பத்து நாள் ஊருக்கு வருவார்கள். வண்டி நிற்பது வால்டெமாரின் முற்றத்தில். மின்சாரத்துக்கு ஒரு மஞ்சள் கேபிள் அடுக்களை ஜன்னல் வழியாக உள்ளே வரும். பத்து நாளும் அந்த ஜன்னலைச் சாத்த முடியாது, கொசு மொய்க்கும். இரண்டு வருடத்து அழுக்குத் துணியும் சுல்மாவின் வாஷிங் மிஷினில்தான். ஒவ்வொரு நாளும் ஒருவர் வீட்டில் இறைச்சி சுடுவார்கள், எல்லோரும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து வாயைப் பிளந்து கதை கேட்பார்கள். பத்தாம் நாள் காலையில் வண்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தபாரே சொல்வான்: "வால்டே, உனக்கு வண்டியில எடம் இருக்குடா. ஏறு." எல்லோரும் சிரிப்பார்கள். வால்டெமாரும் சிரிப்பான். அன்று முழுக்க அவன் பேசமாட்டான். அது சுல்மாவுக்குத்தான் தெரியும்.

படுத்த பிறகு அவன் கேட்டது ஒன்றே ஒன்று. தபாரேயோடு உட்கார்ந்து ஒரு மாத்தே இலைத்தேநீர் குடிக்க வேண்டும். ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல், கைமாறிக் கைமாறி, சின்ன வயதில் ஆற்றங்கரையில் குடித்தது மாதிரி. ஜனவரியில் அவனைப் பழைய பட்டப்பெயரில் கூப்பிட்டுக் குரல்செய்தி அனுப்பினான். "ஒல்லி, சீக்கிரம் வாடா. ரொம்ப நாள் இல்ல." பொலிவியாவில் கியர்பாக்ஸ் போய்விட்டது, சாமான் வரவேண்டும், இரண்டு வாரத்தில் அங்கே இருப்பேன் என்று பதில் வந்தது. அப்புறம் இன்னும் இரண்டு வாரம். வால்டெமார் ஃப்ரீசரில் ஒரு ஆட்டுத்தொடை வாங்கி வைக்கச் சொன்னான், அவர்கள் வந்தால் சுடுவதற்கு. ஹாரன் சத்தம் கேட்க வேண்டுமென்று தெருப்பக்க ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருந்தான். மழை அடித்த நாளிலும் சாத்த விடவில்லை.

பிப்ரவரி கடைசியில் ரோச்சாக் கடற்கரையிலிருந்து சுல்மாவின் சித்தி மகள் ஐரிஸ் போன் செய்தாள். அங்கே ஒரு கூடாரத்திடலில் வரவேற்பு மேசையில் இருக்கிறவள். வால்டெமார் எப்படி இருக்கிறான் என்று விசாரித்துவிட்டு, கள்ளங்கபடம் இல்லாமல் சொன்னாள்: "உங்க தபாரே இங்கதான் இருக்கான். இருபத்தாறு நாளாச்சு. உனக்கு ரெண்டு பாட்டில் தேன் குடுத்து விடலாம்னு பாத்தேன். எப்பக் கிளம்புவான்னு கேட்டா மழுப்புறான்."

பொலிவியா இல்லை, உள்நாட்டிலேயே ஒரு நாள் பஸ் தூரம். சுல்மா அடுக்களையில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த அறையிலிருந்து வால்டெமார், தபாரேயா என்று கேட்டான். இல்லை, ஐரிஸ், தேன் அனுப்புகிறாளாம் என்றாள். அதற்குமேல் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அவன் பொலிவியாவின் மோசமான ரோடுகளைத் திட்டிக்கொண்டே மார்ச் பன்னிரண்டாம் தேதி மத்தியானம் செத்துப்போனான்.

கல்லறைத்தோட்டத்துச் சுவரில் மூன்றாவது வரிசை மாடத்தில் பெட்டியைத் தள்ளி, செங்கல் வைத்து அடைத்தார்கள். கூட்டம் வாசல் பக்கத்து அலுவலகத்தின் முன்னால் வந்து நின்றது. கையெழுத்துப் போட வேண்டும். மாடம் இரண்டு வருடத்துக்குத்தான். அதன் பிறகு திறந்து, மிச்சமிருக்கும் எலும்பை எடுத்துச் சின்னப் பெட்டியில் போட்டுக் குடும்ப மாடத்தில் வைப்பார்கள். எடுக்கும்போது செத்தவருக்கு வேண்டியவர் ஒருவர் பக்கத்தில் நின்று, ஆள் அவர்தான் என்று பார்த்துச் சொல்லவேண்டும்.

சுல்மாவின் அப்பாவுக்கு அந்த நாள் வந்தபோது அவளால் முடியவில்லை. வால்டெமார்தான் போனான். திரும்பி வந்து முற்றத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். மாத்தே நீட்டினாள், வேண்டாம் என்று தலையாட்டினான். ராத்திரிதான் சொன்னான். முடி அப்படியே இருந்ததாம். காலுறைகூட அப்படியே இருந்ததாம்.

"பக்கத்துல நிக்கப்போறது யாரும்மா? நீங்களா?" என்று அலுவலகப் பெண் பேனாவை நீட்டினாள்.

சுல்மா திரும்பிப் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடியோடு தபாரே மில்டனின் தோளில் கைபோட்டு நின்றிருந்தான். இங்கேயே, இத்தனை பேர் நடுவில் ஐரிஸ் சொன்னதைப் போட்டு உடைக்கலாம். வந்ததிலிருந்து அவள் நாக்கு நுனியில் அதுதான் நின்றது. உடைத்தால் என்ன ஆகும்? தபாரே அழுவான். லிலியான் அதைவிடச் சத்தமாக அழுவாள். சாயங்காலத்துக்குள் மில்டன் எல்லோரையும் சமாதானம் செய்து இறைச்சி சுட ஆரம்பித்துவிடுவான். மன்னித்துவிடுவதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். மார்ச் மாத மழையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கிடந்தது அவர்கள் இல்லையே.

"எனக்கு அவ்வளவு தைரியம் இல்ல. எங்களுக்குக் குழந்தையும் இல்ல," என்றாள் சுல்மா, எல்லோருக்கும் கேட்கும்படி. "தபாரே நிக்கட்டும். அவருக்கு இவன் கூடப்பொறந்தவன் மாதிரி. ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் எப்படியும் ஊருக்கு வருவான்."

மில்டன் முன்னால் வந்தான். இவனைவிட்டால் வேறு யார் என்றான். கூட்டம் வழிவிட்டது. தபாரே கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான், திரும்பப் போட்டுக்கொண்டான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவன் முதுகில் ஏழெட்டுக் கைகள் தட்டிக்கொடுத்தன. இரண்டு வருடம் கழித்து மார்ச் பதினாலு, காலை எட்டு மணி என்று தேதியைப் படித்துக் காட்டினாள் அலுவலகப் பெண். அவன் குனிந்து கையெழுத்துப் போட்டான்.

மத்தியானம் அடுக்களைக்கு வந்தான். மஞ்சள் கேபிள் வழக்கம்போல ஜன்னல் வழியாக உள்ளே வந்திருந்தது. சுல்மா ஃப்ரீசரிலிருந்து ஆட்டுத்தொடையை எடுத்து மேசையில் வைத்திருந்தாள். கல்லறையில் செங்கல் வைத்தவர்களுக்குக் கொடுத்தனுப்பப் போகிறாள். அதை அவன் பார்த்தான், தனக்கென்று நினைத்தான் போல.

"சுல்மா, அந்தப் பேப்பர்ல வேற பேரைப் போடச் சொல்லேன். ரெண்டு வருஷம் கழிச்சு நாங்க எந்த நாட்டுல இருப்போம்னு எங்களுக்கே தெரியாது."

"இங்க இருப்ப. எட்டு மணிக்கு."

"அதில்ல. எனக்கு அதெல்லாம் பாத்துப் பழக்கமில்ல."

"ஐரிஸ் உன்னை விசாரிச்சா," என்றாள் சுல்மா. ஆட்டுத்தொடையைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். "இருபத்தாறு நாள் இருந்தீங்களாமே. கடல் நல்லாருந்துச்சா?"

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். வெளியே லிலியான் கயிற்றில் துணி காயப்போடுவது ஜன்னலில் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அவனுக்குத் தெரியுமா?"

சுல்மா காகிதத்தை மடித்து முடித்தாள். நூலை எடுத்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினாள்.

"தெரியும்," என்றாள். "ஒரு வார்த்தை பேசல. தெருப்பக்க ஜன்னலை மட்டும் சாத்தச் சொன்னாரு."

தபாரே முகத்தை மூடிக்கொண்டான். விரல் இடுக்கு வழியாகத்தான் பேசினான்.

"வரணும்னுதான் வந்தோம். ரோச்சா வரைக்கும் வந்துட்டு எனக்குக் கால் எழும்பல. மில்டன் ஒரு போட்டோ அனுப்பினான், அதுல அவன் இருந்த கோலம்... என்னால அவனை அப்படிப் பாக்க முடியாது சுல்மா. நல்லா இருந்தப்ப இருந்த முகமே எனக்குப் போதும்னு இருந்துட்டேன்."

"எனக்கும் அந்த முகமே போதும்னுதான் இருந்துச்சு," என்றாள். "மாசம் முழுக்க நான்தான் குளிப்பாட்டினேன். யாரு என்னைக் கேட்டாங்க?"

அவன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான்.

"நீ வந்து பாக்கற. எங்கப்பாவுக்கு முடி அப்படியே இருந்துச்சு. சிலபேருக்கு ரெண்டு வருஷம் பத்தாதாம், தொறந்துட்டு மூடிடுவாங்க. அப்ப மறு வருஷமும் வரணும். வரலைன்னா ஐரிஸ் நம்பரை மில்டன்கிட்ட குடுப்பேன். அப்புறம் உனக்குப் பைசாந்துல நிக்க ஒரு முற்றம் கெடைக்காது."

அவன் எழுந்து போனான். உடம்பு முழுக்கச் சூடாக, கிட்டத்தட்ட சந்தோஷமாக இருந்தது சுல்மாவுக்கு. பல மாதத்துக்குப் பிறகு அன்று ஒரு தட்டு நிறையச் சாப்பிட்டாள்.

இந்த முறை பத்து நாள் இருக்கவில்லை. மறுநாள் காலையே கிளம்பினார்கள். ஒன்பது மணிக்கு மில்டனும் மற்றவர்களும் மாத்தே தெர்மாஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வழியனுப்ப வந்துவிட்டார்கள். வண்டியின் கதவு திறந்திருந்தது. துக்கக்கூடத்து ஆள் சைக்கிளில் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினான். வார்னிஷ் மணம் மாறாத மரப்பெட்டி. தொடை எலும்பு நேராகப் படுக்கிற நீளம். வால்டெமார் நல்ல உயரம் என்பதால் பெரிய அளவாகவே கேட்டிருந்தாள்.

"ரெண்டு வருஷம் கழிச்சு இதையும் கூட்டாளிதான் கொண்டுவரணும்னு எனக்கு ஆசை. உங்களோடயே இருக்கட்டும்," என்றாள் சுல்மா.

லிலியான் பெட்டியைப் பார்த்தாள், அவள் கை கழுத்து மணிகளுக்குப் போனது. "இவ்வளவு பெருசு... வண்டியில எங்க சுல்மா எடம்?"

"எடம் இருக்குன்னு ஒவ்வொரு தடவையும் தபாரே சொல்வானே," என்றாள் சுல்மா. "நீயும் கேட்டிருக்கியே."

யாரும் சிரிக்கவில்லை. மில்டன்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கினான். கட்டிலுக்கு அடியில் நுழைத்துப் பார்த்தான், போகவில்லை. அலமாரியில் அதற்கு உயரம் போதவில்லை. கடைசியில் ஜன்னலோரம் அவர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற இருக்கையில், மேசைக்கு எதிரே வைத்தான். பிரேக் போட்டால் விழாமல் இருக்க பெல்ட்டை இழுத்து மாட்டினான். தபாரே ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் திரும்பவே இல்லை.

வண்டி தெருமுனை வரை போய்த் திரும்பியது. எல்லோரும் அந்த மூன்று நீளத்துக்கும் ஒரு குட்டைக்கும் காத்திருந்தார்கள். சத்தம் வரவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

சுல்மா அடுக்களைக்குப் போனாள். மஞ்சள் கேபிள் போய்விட்டிருந்தது. ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். மழையில் நனைந்து நனைந்து சட்டம் ஊதியிருந்தது. அவர்கள் வந்து போனதும் இழைத்துவிடுகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் வால்டெமார் சொல்வான். ஒரு விரல் அகலம் திறந்தே நின்றது. உள்ளங்கையை வைத்து இன்னும் பலமாக அழுத்தினாள்.