மூன்று கடை விலை

அவர் ஒரு தொழிற்சாலையில் கொள்முதல் மேலாளர். மூன்று கடை விலை கேட்காமல் குண்டூசிகூட வாங்கமாட்டார். வீட்டில் தலைவலி என்றால், மூன்று கடை ஏறி இறங்கி மாத்திரை வருவதற்குள் தலைவலியே வெறுத்துப்போய்க் கிளம்பிவிடும்.

மகள் பதிமூன்று வயதில் ஒன்று கேட்டாள். “நாம மூணு பேரும் கடலுக்கு அடியில போய் மீன் பார்க்கலாம்பா.”

“போலாம். ஆனா வாடகைச் சாமான் வேண்டாம், தண்டம். சீசன் முடியட்டும், பாதி விலைக்குச் சொந்தமாவே வாங்கிடலாம்” என்றார்.

ஒரு சீசன் முடிவில் முகமூடிகள் வந்தன. அடுத்ததில் ரப்பர் உடுப்புகள். பிறகு, மூடப்போகும் கடை ஒன்றில் காற்றுச் சிலிண்டர்கள். எல்லாம் கட்டிலுக்கடியில் குடியேறின. பெருக்கும்போதெல்லாம் மனைவி கால்விரலை இடித்துக்கொண்டாள். மச்சினன் அவரைக் ‘கடற்படைத் தளபதி’ என்று கூப்பிட ஆரம்பித்தான். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

இதற்கிடையில் மகளின் உயரம் ஏறியது. அப்பாவோடு பேச்சு இறங்கியது. நாளை விடிந்தால் தூரத்துக் கல்லூரிக்கு ரயில். இன்றைக்குத்தான் கடல் வாய்த்தது.

படகுக்காரர் சிலிண்டரைப் புரட்டிக் கழுத்தில் பொறித்திருந்ததைப் பார்த்தார். “சோதனைத் தேதி எப்பவோ முடிஞ்சுபோச்சு சார். இதுல காத்து அடிக்க மாட்டோம்.”

உடுப்போ மகளின் தொடையில் சிக்கி நின்றது.

“இழுக்காதடி, தோலோட வந்துடும்” என்றாள் அம்மா.

“எங்ககிட்ட எல்லாமே வாடகைக்கு இருக்கு. காத்து மாறுது, இதான் கடைசிப் படகு. சட்டுனு சொல்லுங்க” என்றார் படகுக்காரர்.

மகள் அப்பாவின் கையைப் பிடித்தாள். பிடித்து எத்தனையோ காலமாயிற்று. “வாடகைக்கே எடுத்துக்கலாம்பா. நீங்க ரெண்டு பேரும் கூட வந்தா போதும்.”

கல்லும் கரையும். அவரும் கரைந்தார். கண்கூடக் கலங்கியது. அந்தக் கலங்கலிலும் விலைப்பலகை மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

“ரெண்டே நிமிஷம் கண்ணு. பக்கத்துல இன்னும் ரெண்டு கடை இருக்கு, ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்.”

“அப்பா, படகு...”

“எங்க போயிடுவான்? வியாபாரம்மா இது!”

முதல் கடையில் உதட்டைப் பிதுக்கினார்கள். இரண்டாவது கடையில் மல்லுக்கு நின்று, கால்வாசியைக் குறைத்து, ரசீதை ஆட்டிக்கொண்டு மணல் தெறிக்க ஓடிவந்தார். படகு அதற்குள் கடலில் ஓர் எறும்பாகியிருந்தது.

“கால்வாசி குறைச்சுட்டேன்!” என்று கத்தினார்.

மனைவி திரும்பவில்லை. “யாருக்கு?” என்றாள் கடலைப் பார்த்தபடியே.

மகள் உடுப்பைக் கழற்றி, மணலைத் தட்டி, பழைய மடிப்பிலேயே மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

“பத்திரம்பா. தண்ணியே படல. புதுசுன்னு சொல்லியே வித்துடலாம்.”

அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால், பேரம் பேசிக் கொஞ்சம் குறைத்திருப்பார்.