சின்னவனின் பங்கு

வேகத்தடை வந்த இடத்திலெல்லாம் அவன் பள்ளி வேனை ஏறக்குறைய நிறுத்தியே ஏற்றி இறக்கினான். தினமும் பிள்ளைகள் இடம்பிடிக்கச் சண்டை போடும் முன்சீட்டில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில், வெள்ளைத் துணியில் சுற்றியபடி, அவனுடைய சின்னவன். இரட்டைப் பிள்ளைகளில் இரண்டாவது. நாலு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் போராடிவிட்டுக் காலையில் அடங்கிப் போயிருந்தான். பெரியவன் ஆஸ்பத்திரியில் தாயிடம் இருந்தான்.

அக்கா துணியை விலக்கிப் பார்த்தாள்.

"குச்சி மாதிரி இருக்கான்டா. வயித்துக்குள்ளயே பெரியவன் இவன் பங்கையும் சேத்துத் தின்னுட்டான் போல."

அவன் வண்டியை ஓரங்கட்டினான். டாக்டரம்மா அவனை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொல்லியிருந்தார். இருவருக்கும் ஒரே நஞ்சுக்கொடி. தாய் சாப்பிடும் சத்தும், இழுக்கும் மூச்சும் அதைத் தாண்டித்தான் பிள்ளைகளுக்குப் போகும். பெரியவனின் தொப்புள்கொடி அதன் நடுவில் நன்றாகப் பிடித்திருந்தது. சின்னவனுடையது ஓரத்தில், நூல் போன்ற ரத்தக்குழாய்களோடு, ஒட்டியும் ஒட்டாமலும். அம்மா எவ்வளவு சாப்பிட்டிருந்தாலும் அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

"அக்கா, இவனுக்கு வந்து சேரல, அவ்வளவுதான். பெரியவன் எதையும் பிடுங்கல. இந்தப் பேச்சு இந்த வண்டியோட நிக்கட்டும். நாளைக்கு அவன் காதுல விழுந்தா ஆயுசுக்கும் சுமப்பான்."

அக்கா துணியை இழுத்து மூடினாள். இடுகாட்டில் குழி தோண்டியவர் கை நீட்டியபோது பிள்ளையைத் தராமல், தானே மண்டியிட்டு உள்ளே வைத்தாள்.

அவன் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது மனைவி கட்டிலில் சாய்ந்து பெரியவனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். எங்கே வைத்தீர்கள் என்று கேட்டாள். நிழல் இருக்கிற இடம்தான் என்றான். வெகுநேரம் பிள்ளையின் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மசக்கையில ஒண்ணுமே சாப்பிடாம கிடந்தேனே, அதனாலயா?"

"இல்லம்மா."

டாக்டரம்மா சொன்னதையெல்லாம் அப்படியே சொன்னான்.

அவள் தலையாட்டினாள். பெரியவன் கண்மூடி ஒரு பக்கம் குடித்துக்கொண்டிருக்க, மறுபக்கமும் பால் தானாகச் சுரந்து அங்கியை நனைத்தது. அவள் துடைக்கவில்லை. அவன் துண்டை மடித்து அங்கே வைத்து, பிள்ளை குடித்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தான்.