கலைமதிக்குப் போட்ட அம்மை

திண்டிவனத்தில் எங்கள் லேடீஸ் ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீட்டு ஆட்களைப் பார்க்க விடுவார்கள். மற்றவர்கள் அந்த நாளுக்காகத் தவம் கிடப்பார்கள். என் ரூம்மேட் கலைமதிக்கோ அன்று விடிந்தாலே பயம். பொங்கல் லீவில் அவள் அம்மா, "படிச்சது போதும், மாமனைக் கட்டிக்க" என்று சொல்லியிருந்தாள். மாமன் என்றால் அம்மாவின் சொந்தத் தம்பி முருகையன். கூட்டேரிப்பட்டில் பஞ்சர் கடை. கலைமதிக்கு பி.எஸ்ஸி. முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது.

அந்த ஞாயிறு மாடி ஜன்னலில் எட்டிப் பார்த்தவள், "ஐயோ ரோஸ்லினு! மாமா தாம்பூலம் எடுத்துக்கினு வந்துடுச்சிடி!" என்று அலறி, பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

எனக்கு வந்ததே கோபம். படிக்கிற பெண்ணைப் பாதியில் பிடுங்கிக்கொண்டு போக இந்த ஆள் யார்? விறுவிறுவென்று கேட்டுக்குப் போனேன். வெள்ளை வேட்டி, புதுச் சட்டை. பையில் வெற்றிலை, பாக்கு, பூ, வாழைப்பழம். நிச்சயத்துக்கேதான் வந்திருந்தார்.

"கலைமதியப் பாக்கணும்மா."

"பாக்க முடியாதுண்ணே. அவளுக்கு அம்மை போட்டிருக்கு."

நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் பூசைக்குப் போகிறவள்தான். ஆனால் மாரியாத்தா வந்திருக்கிறாள் என்றால் தாம்பூலம் வந்த வழியே திரும்பிவிடும் என்று எங்கள் ஊர் வேதக்காரப் பெண்களுக்கும் தெரியும்.

முருகையன் முகம் செத்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். டி.வி.எஸ்ஸை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். விட்டது சனியன் என்று நினைத்தேன். எங்கே! கொஞ்ச நேரத்தில் ஒரு கட்டு வேப்பிலையும் இளநீருமாகத் திரும்பி வந்து நின்றார்.

"இத அது படுக்கையில போடும்மா. இளநிய ஜல்தியா குடு. நான் இங்கியே இருக்கேன்."

"எதுக்குண்ணே பேஜாரு? அம்மை போட்ட எடத்துக்கு தாம்பூலத்தோட வரலாமா? கெளம்புங்க!" என்று எரிந்து விழுந்தேன்.

"தெரியாம வந்துட்டேம்மா. எனக்கு மயிலத்துல பொண்ணு பாத்து முடிவாயிடுச்சி. முறைப்பொண்ணுக்கு மொதத் தாம்பூலம் வெச்சிட்டுதான் மத்தவங்களுக்கு வைக்கணும், எங்க வூட்டு வழக்கம். பொங்கலப்ப அது அழுத அழுவையப் பாத்து எனக்கு மனசே ஆறல. அது படிக்கட்டும்னு அக்காகிட்ட கண்டிஷனா சொல்லிட்டேன். அத நேர்ல சொல்லலாம்னு ஆசையா வந்தா, புள்ளைக்கு இப்பிடி ஆயிடுச்சே..." மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

அட மனுஷா! இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? வேப்பிலையும் கையுமாக மாடிக்கு ஓடி, பாத்ரூம் கதவை இடித்தேன்.

"வெளிய வாடி! உங்க மாமாவுக்கு வேற பொண்ணு பாத்தாச்சு! உன்னப் படிக்கச் சொல்லிட்டாரு!"

தாழ்ப்பாள் திறந்தது. நான் எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதற்குள் அவள் கீழே ஓடிவிட்டாள். பின்னாலேயே போனேன். "மாமா, மாமா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பும் அழுகையுமாக நின்றாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

முருகையன் அவள் நெற்றியைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார், கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கொப்புளம் கிடையாது. பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"எங்கம்மா அம்மை?"

"இப்பத்தாண்ணே எறங்கிச்சி," என்றேன்.