அஞ்சாப்போடு நின்ற தறி

ராமமூர்த்தி பேச எழுந்தால் மைக்செட்டுக்காரர் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். குடித்து, ஒரு பீடியும் பிடித்துவிட்டு வந்தால் 'ஆகவே' என்கிற இடத்துக்கு இவர் வந்திருப்பார் என்பது அனுபவம். செல்லூரில், நாலு பக்கமும் விசைத்தறிக்கூடங்கள் இடிக்க நடுவில் மாட்டிக்கொண்ட ஓர் ஆரம்பப் பள்ளிக்கு அவர் தலைமையாசிரியர். தறிச்சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே பாடம் நடத்தியதில், வீட்டில் குழம்புக்கு உப்புக் கேட்டாலும் மேடைப் பேச்சாகத்தான் வரும்.

ஆனால் ஒரு விஷயத்தில் மனுஷர் உண்மையாகவே வெந்துகொண்டிருந்தார். பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாம் வகுப்புக்கு வைகையைத் தாண்ட வேண்டும். பையன்கள் தாண்டினார்கள். பெண்பிள்ளைகளைத் தறிக்கு நூல்தார் சுற்ற உட்கார வைத்துவிடுவார்கள். இங்கேயே ஆறாம் வகுப்பு கேட்டு ஏழு வருஷமாக மனுப் போட்டார். ஒவ்வொரு மனுவும் 'பேரன்புக்கும் பெருமதிப்புக்கும்' என்று தொடங்கி, விஷயத்துக்கு வர மூன்றாம் பக்கம் ஆகும். அதுவரை படித்த அதிகாரி பிறக்கவில்லை.

எண்பத்தொன்றாம் வருஷம் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நாடகக் கலைஞர் ஒருவர் இருபது நாள் பள்ளியோடு தங்கிப் பிள்ளைகளைப் பழக்குவார். கடைசி நாள் கல்வி அதிகாரியே நேரில் வந்து பார்ப்பார். ராமமூர்த்திக்குத் தலைகால் புரியவில்லை. ஜிகினாக் கிரீடத்துக்கும் வெல்வெட் திரைக்கும் சொல்லிவைத்தார். கல்வியின் மகிமையை ஓர் அரசன் உணர்வதாக நாடகமும் எழுதி முடித்தார். அதில் அரசன் மட்டும் நாற்பது நிமிஷம் பேசினான்.

வந்தவள் மலையம்மாள். அலங்காநல்லூர்ப் பக்கம். முப்பது வயசு, தோளில் ஒரு துணிப்பை. டெல்லி வரை போய் நாடகம் படித்தவள் என்றார்கள். டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கியவளுக்குப் பின்னால் ஆர்மோனியப் பெட்டி வருகிறதா என்று ராமமூர்த்தி எட்டிப் பார்த்தார். கண்டக்டர்தான் தெரிந்தார்.

நாலாம் வகுப்பு டீச்சர் சாரதாம்பாள் அவளைத் தன் வீட்டிலேயே தங்க வைத்துக்கொண்டாள். மலையம்மாள் நாடகத்தை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு வந்தாள்.

"ராஜா பேசிக்கிட்டே இருக்காரு. பிள்ளைக என்ன சார் செய்யும்?"

"கேக்கும்" என்றார் ராமமூர்த்தி, வேறென்ன செய்யும் என்கிற முகத்தோடு.

முதல் வாரம் அவள் ஒரு வசனம்கூடச் சொல்லித்தரவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைத் தறிக்கூடத்து வாசலில் மணிக்கணக்காக நிற்க வைத்தாள். திரும்பி வந்ததும் வகுப்புக் கதவைச் சாத்திக்கொண்டாள். ராமமூர்த்தி ஜன்னலில் எட்டிப் பார்த்தால், முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் காலில் முள் குத்திய மாதிரிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரி முகம் சுளித்துவிட்டால் ஆறாம் வகுப்பு கனவிலும் கிடைக்காது என்று அவளைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் அதே பயம்தான் சார் என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி கதவைச் சாத்தினாள்.

அவருக்கு ஒரே வழிதான் தெரிந்தது. அதிகாரிக்கு இருப்பது ஒரு மணி நேரம். வரவேற்புரையைப் பதினொரு பக்கத்துக்கு எழுதினார். பேசியே நேரத்தைத் தீர்த்துவிட்டால் நாடகத்துக்கு இடமேது?

அந்த நாளும் வந்தது. அதிகாரிக்கு மாலை, சோடா, முகத்துக்கு நேரே டேபிள் ஃபேன். ராமமூர்த்தி இரண்டாம் பக்கத்தில் நின்று முழங்கிக்கொண்டிருந்தபோது கரண்டு போனது.

மைக் செத்தது. நாலு பக்கத்துத் தறிகளும் ஒரே நேரத்தில் நின்றன. செல்லூரில் தறி நின்றால் வரும் அமைதி லேசுப்பட்டதல்ல. காதே கழன்று விழுந்த மாதிரி இருக்கும். மேலே கத்துவதற்கு எதுவுமில்லாமல் ராமமூர்த்தியின் குரல் அவருக்கே அந்நியமாக ஒலிக்க, பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார். மலையம்மாள் கையை உயர்த்தினாள்.

பிள்ளைகள் மைதானத்தில் நெருக்கமாக வரிசை கட்டினார்கள். முதலில் ஒரு கால். பிறகு பத்து. பிறகு தொடையில் கை, நாக்கில் சொடுக்கு, மார்பில் அடி. டடக்கு டக்கு, டடக்கு டக்கு. தரை அதிர்ந்தது.

ராமமூர்த்தி குனிந்து மைக்கில் "ஹலோ" என்றார். அதிகாரி டேபிள் ஃபேனின் திருகைத் திருகிப் பார்த்தார். டீக்கடையிலிருந்த தறிக்காரர்கள் அரை டம்ளரோடு கூடத்துக்கு ஓடினார்கள். அங்கே தறி அசையாமல் நின்றது. சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொருவராகப் பள்ளிச் சுவரோரம் வந்து சேர்ந்தார்கள்.

"கரண்டு வந்துருச்சுன்னு ஓடியாந்தேன்" என்றார் கூடத்துக்காரர் உக்கிரபாண்டி, யாரிடமென்றில்லாமல். "பிள்ளைகளா இது?"

ஒற்றைப்படைப் பிள்ளைகள் எழும்ப, இரட்டைப்படை தாழ, தறியில் கட்டிய பாவு இழை போலவே நடுவில் வழி திறந்தது. அந்த வழியில் அன்னக்கொடி என்ற பெண், ஊடு நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடாவாகப் பாய்ந்தாள். "ஒண்ணாப்பு!" அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பிப் பாய்ந்தாள். "ரெண்டாப்பு!" ஒவ்வொரு தடவையும் தறி திறந்தது, அவள் புகுந்தாள், மூடியது. அஞ்சாப்பு வரை ஓர் அடி பிசகவில்லை.

"ஆறாப்பு" என்று வந்தாள். தறி திறக்கவில்லை. முட்டிக்கொண்டு விழுந்தாள். எழுந்து மறுபடி ஓடி வந்தாள். மூன்றாவது தடவை நடந்தே வந்து, மெதுவாகச் சொன்னாள். சத்தம் இழை இழையாக அடங்கியது. கடைசியில் அவள் மூச்சிரைப்பு மட்டும் மைதானம் முழுக்கக் கேட்டது.

தறிக்காரர் வீட்டில் பிறந்து அந்தச் சத்தத்திலேயே தூங்கி வளர்ந்த ராமமூர்த்தி, செத்த மைக்கை விட்டு ரெண்டடி முன்னால் வந்து நின்றார். ஏழு வருஷமாக மூன்றாம் பக்கத்தில் அவர் சொல்ல முயன்றதை ஒரு பிள்ளை முட்டிக்கொண்டு விழுந்து சொல்லிவிட்டது.

அதிகாரி ராமமூர்த்தி பக்கம் திரும்பினார். "ஆறாம் வகுப்பு குடுத்தா எங்க உட்கார வைப்பீங்க?"

வரவேற்புரையின் ஒன்பதாம் பக்கத்தில் அதற்கு விரிவான பதில் இருந்தது. வருங்காலக் கட்டடம், கொடையாளர்கள், அடிக்கல்.

"என் ரூம்ல சார்" என்றார் ராமமூர்த்தி.

அழைப்பு மணியும் அரைக் கதவுமாக, அனுமதியில்லாமல் ஈகூட நுழையாத அறை அது. அதிகாரி எழுந்து பார்க்கப் போனார். மலையம்மாள் தலையசைக்க, வியர்வையோடு முப்பத்தெட்டுப் பேரும் உள்ளே போய் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள். அதிகாரிக்குக் கால் வைக்க இடமில்லை. வராந்தாவில் நின்றபடியே அன்னக்கொடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஜூன்ல ஆரம்பிச்சிருங்க. உத்தரவு நான் அனுப்பி வைக்கிறேன்."

ராமமூர்த்தி பதினொரு பக்கத்தையும் மடித்துச் சட்டைப்பையில் செருகினார். கும்பிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கித் தயங்கித் தன் அறைக்குள் அடி வைத்தார்.

"தள்ளி உக்காருடி, சார் வாராரு" என்று பக்கத்துப் பிள்ளையை இடித்து, அன்னக்கொடி அவருக்குத் தரையில் ஒரு சாண் இடம் விட்டாள்.