பின்வாசலால் வந்த டொலறஸ் அக்கா

மன்னாரில் பிறந்த இசபெல் கிழக்கு லண்டனில் ஒரு சின்ன மியூசியத்தில் வேலை செய்தாள். மியூசியம் என்றதும் தூணும் படிக்கட்டுமாக ஒரு பெரிய கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். வரிசை வீடுகளில் ஒன்றை, நூறு வருடத்துக்கு முந்தி ஒரு குமாஸ்தா குடும்பம் வாழ்ந்த மாதிரியே ஒழுங்குபண்ணி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். குசினி அலுமாரி நிறைய அந்தக் காலத்துச் சாமான்கள். அடுப்புக்குப் பூசுகிற கறுப்பு மை, சலவைச் சோடா, கத்தி துலக்குகிற தூள், வெளிறிப்போன பெண்களுக்கு இரும்புக் குளிசை, களைத்துப்போன மனைவிமாருக்கு நரம்பு டொனிக். சுவரெல்லாம் விளம்பரங்கள். "உங்கள் அடுப்பைப் பார்த்து அயலவர் என்ன நினைப்பார்கள்?" என்று ஒன்று கேட்டது. இன்னொன்றில் ஒரு கணவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்க, பக்கத்தில் மனைவி தலைகுனிந்து நின்றாள்.

வருகிறவர்களுக்கு இவற்றையெல்லாம் காட்டி விளக்குவது இசபெலின் வேலை. அதை அவள் கோட்டுப் போட்டுக்கொண்டு, கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக்கொண்டு செய்யவில்லை. அந்த வீட்டு வேலைக்காரி மேரியாக நடித்துக்கொண்டு செய்தாள். தலையில் வெள்ளைத் தொப்பி, இடுப்பில் ஏப்ரன், முழங்கை வரைக்கும் கரி. மேரி எப்படி மன்னார்க்காரி மாதிரி இருக்கிறாள் என்று இதுவரை ஒரு வெள்ளைக்காரரும் கேட்டதில்லை. ஆட்கள் நிற்கும்போது மேரியாகவே இருக்கவேண்டும் என்பது மனேஜர் ஹெலனின் சொல். இசபெலுக்கு அது நன்றாகவே வந்தது. அந்தக் காலத்து லண்டன் ஆங்கிலத்தை இழுத்து இழுத்துப் பேசி எல்லாரையும் சிரிக்க வைப்பாள்.

ஆனால் மாதா கோயிலில் அவள் இதையெல்லாம் சொன்னதில்லை. "மியூசியத்தில வழிகாட்டி" என்று மட்டும் சொல்லியிருந்தாள். மிச்சத்தை டொலறஸ் அக்கா தானாகக் கட்டிப் பரப்பினாள்.

டொலறஸ் அக்கா சொந்தக்காரி இல்லை. இசபெல் பிள்ளைகளோடு பிரான்ஸிலிருந்து வந்து இறங்கியபோது, ஈஸ்ட் ஹாமில் தன் வீட்டு முன்னறையை விட்டுக்கொடுத்தவள் அவள்தான். பிறகு வங்கிக் கட்டடமொன்றில் க்ளீனிங் வேலையும் எடுத்துக் கொடுத்தாள். இருவரும் விடியமுதல் பஸ் பிடித்துப் போய், பக்கத்தில் பக்கத்தில் முழங்காலில் நின்று கம்பளத்துக் கறை உரஞ்சியவர்கள். இப்போது டொலறஸுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, வேலைக்குப் போவதில்லை. ஞாயிறு பூசை முடிந்து கோயில் ஹோலில் தேத்தண்ணி குடிக்கும்போது, கண்டவர் எல்லாரிடமும் சொல்லுவாள்: "எங்கட இசபெல் வெள்ளைக்காரருக்கே அவையின்ர சரித்திரம் சொல்லிக் குடுக்கிறாள்."

இசபெல் அதைத் திருத்தவில்லை. சிரித்துக்கொண்டு கோப்பையைப் பார்ப்பாள்.

ஒரு சனிக்கிழமை இசபெல் முழங்காலில் நின்று அடுப்புக்குக் கறுப்பு மை பூசிக்கொண்டிருந்தாள். சுற்றி ஒரு கூட்டம் வெள்ளைக்காரர் நின்றார்கள். முன்கதவு திறந்தது. கோயில் மாதர் சங்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர், சொல்லாமல்கொள்ளாமல், நல்ல சீலையும் குளிர் ஜக்கற்றுமாக உள்ளே வந்தார்கள். முன்னுக்கு டொலறஸ் அக்கா. கையில் ஒரு பெரிய பை. அதிலிருந்து மீன் றோல்ஸ் வாசம் வந்தது. இசபெலோடு வேலை செய்கிறவர்களுக்கென்று விடியவே எழும்பிப் பொரித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். கோட்டுப் போட்ட இசபெலைத் தேடுகிறாள் என்று தெரிந்தது. பிறகு கண் நிலத்துக்கு வந்தது.

"இசபெல்! என்ன பிள்ளை இது? இஞ்சையும் உன்னை நிலம் துடைக்க விட்டுட்டினமே?"

அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இசபெலுக்குக் காது சுட்டது. எழும்பி, "இவ என்ர அக்கா" என்று சொல்லியிருக்கலாம். ஹெலன் ஒன்றும் கொன்றிருக்க மாட்டாள். அதற்குப் பதிலாக அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மேரியின் குரலில், ஆங்கிலத்தில் சொன்னாள்: "மன்னிக்கவேண்டும் அம்மா, என்னுடைய பெயர் மேரி. சாமான் கொண்டுவருகிறவர்கள் பின்வாசலால் வரவேண்டும்."

வெள்ளைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டொலறஸும் சேர்ந்து சிரித்தாள். அவளுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். பின்வாசல் என்ற சொல் விளங்கியது. தலையாட்டிவிட்டுப் பையோடு வெளியே போனாள். மற்றப் பெண்கள் என்ன செய்வதென்று தெரியாமல் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். அவர்களில் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவள் மெலனி. அவள் மட்டும் இசபெலை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

அக்கா கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்றே இசபெல் நினைத்தாள். ஆனாலும் வாய் பழக்கத்தில் ஓடியது. டொனிக் போத்தலை எடுத்து உயர்த்திப் பிடித்தாள். களைப்பு, கவலை, கண்ணீர், கணவனின் சினம் எல்லாவற்றுக்கும் இது ஒன்றே மருந்து, காலையில் ஒரு கரண்டி குடித்தால் மனைவி பாடிக்கொண்டே வேலை செய்வாள் என்றாள். பாடாமல் என்ன செய்வாள், இதில் பாதி சாராயமல்லவா என்று கேட்கவேண்டிய இடம் அடுத்து வந்தது.

அப்போது குசினிப் பின்கதவில் யாரோ தட்டினார்கள்.

இதுவும் நாடகத்தில் ஒரு பகுதி என்று நினைத்து ஆட்கள் மறுபடி சிரிக்கத் தொடங்கினார்கள். இசபெல் போய்க் கதவைத் திறந்தாள். டொலறஸ் அக்கா நின்றாள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. தெருமுனை வரைக்கும் போய், குப்பை வாளிகள் நிற்கிற சந்துக்குள்ளால் நடந்து, பூட்டில்லாத பின்படலையைத் திறந்துகொண்டு வந்திருக்கிறாள். தலைமயிர் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. பை நனையாமல் ஜக்கற்றுக்குள் வைத்துப் பிடித்திருந்தாள்.

"இதாலயோ பிள்ளை வரோணும்?" என்று மெதுவாகக் கேட்டாள். "உன்ர வேலைக்கு ஏதும் பிரச்சினை வந்திடும் எண்டு சுத்தி வந்தனான்."

இசபெலின் முதுகுக்குப் பின்னால் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் இரண்டு கையாலும் பையை வாங்கினாள். ஏப்ரனைப் பிடித்து, மேரி எசமானுக்குக் குனிவது போல ஒருமுறை குனிந்தாள். "நன்றி, அம்மா" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கைதட்டல் எழுந்தது. எதற்கென்று தெரியாவிட்டாலும் டொலறஸ் அக்கா அவர்களைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தாள்.

மத்தியானம் ஹெலன் ஒரு மீன் றோலைக் கடித்துக்கொண்டே, "பிரமாதம்! அந்தப் பின்வாசல் வசனத்தை விட்டுவிடாதே. அந்த அம்மாவை ஒவ்வொரு சனியும் வரச்சொல்ல முடியுமா?" என்று கேட்டாள்.

"அவ நடிக்கேல்லை" என்றாள் இசபெல், தமிழில். பிறகு ஆங்கிலத்தில், "அவர் என்னுடைய அக்கா. என்னைப் பார்க்க வந்தவர்" என்றாள்.

ஹெலனின் முகம் சிவந்தது. மிச்ச றோலைத் தட்டில் வைத்துவிட்டாள். இசபெல் எழும்பிப் போய்க் கைக்கரியைக் கழுவினாள். கழுவக் கழுவ நகக்கண்ணில் கொஞ்சம் மிஞ்சிக்கொண்டே இருந்தது.

வேலை முடிந்து நேரே ஈஸ்ட் ஹாமுக்குப் போனாள். டொலறஸ் அக்கா கதவைத் திறந்தாள். முகத்தில் கோபம் இல்லை.

"வாங்கோ இசபெல். இருங்கோ. தேத்தண்ணி குடிக்கிறியளோ?"

இத்தனை வருடத்தில் ஒருநாளும் அக்கா அவளை 'நீங்கள்' என்று கூப்பிட்டதில்லை. இசபெலுக்கு இருக்கையில் இருக்க முடியவில்லை.

"அக்கா, நான்..."

"மெலனி பஸ்ஸில சொன்னவ. நீங்கள் என்ன சொன்னனீங்கள், அவை ஏன் சிரிச்சவை எண்டு. அவவில பிழையில்லை. நான்தான் திருப்பித் திருப்பிக் கேட்டனான்."

"எனக்கு வெக்கமாப் போச்சு அக்கா."

"எதுக்கு வெக்கம்? முழங்காலில நிண்டு துடைக்கிறதுக்கோ? இல்லை, என்னைத் தெரியும் எண்டு சொல்லுறதுக்கோ?"

பொய் சொல்ல இடமிருந்தது. மனேஜரின் சொல்லைச் சாட்டலாம். வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று சொல்லலாம். இசபெல் சுவரில் தொங்கிய திருஇருதயப் படத்தைப் பார்த்தாள், பிறகு நிலத்தைப் பார்த்தாள்.

"ரெண்டுக்கும்தான்" என்றாள்.

டொலறஸ் அக்கா கூட்டத்தில் சேர்ந்து சிரித்ததை நினைத்தாளோ என்னவோ, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இசபெல் அழுதாள். அக்கா எழும்பி வந்து அணைக்கவில்லை. தேத்தண்ணியை முன்னுக்கு வைத்துவிட்டு, ஆறமுதல் குடிக்கச் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு ஹோலில் இசபெல் எழும்பி நின்று, தான் வேலைக்காரியாக நடிப்பதாகவும், அன்றைக்கு அக்காவைத் தெரியாதவள் போல் நடந்தது யாரும் சொல்லிச் செய்ததல்ல, தானாகச் செய்தது என்றும் சொன்னாள். ஒருத்தி, "விடு பிள்ளை, இதெல்லாம் ஒரு கதையே?" என்றாள். டொலறஸ் அக்கா கடைசி மேசையில் பிள்ளைகளுக்கு பிஸ்கற் பங்கிட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

இருவருக்கும் இடையில் பேச்சு நின்றுவிடவில்லை. திருநாளுக்குச் சமைக்க இருவரும் ஒன்றாய்த்தான் வெங்காயம் வெட்டினார்கள். பிள்ளைகளின் பாடு, முழங்கால் ஒப்பரேஷன், விலைவாசி என்று எல்லாம் கதைத்தார்கள். மியூசியத்தைப் பற்றி மட்டும் அக்கா ஒரு சொல் கேட்கவில்லை. சரித்திரம் சொல்லிக் குடுக்கிறவளைப் பற்றி யாரிடமும் சொல்லவும் இல்லை.

மியூசியத் தெருவால் போகிற பஸ்ஸில் டொலறஸ் அக்கா இப்போது ஏறுவதில்லை, அடுத்த பஸ் வரும்வரை நிற்கிறாள் என்று ஒருநாள் மெலனி சொன்னாள். அப்படி இருக்காது என்று இசபெல் சொன்னாள். ஆனால் அக்காவிடம் கேட்டுப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.