பக்குவமாக வாடிய ரோஜா

அந்தப் பூக்கடையில் அக்கா வைத்ததுதான் சட்டம். வாடின பூ ஒன்றுகூட வாடிக்கையாளர் கண்ணில் படக் கூடாது. பக்கவாதம் வந்து வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டபோது, யாரும் கேட்காமலே அந்தச் சட்டத்தைத் தன் மேலும் போட்டுக்கொண்டாள். கல்லாவைத் தங்கையிடம் விட்டுவிட்டுப் பின்னறையில் வாளி கழுவவும் முள் சீவவும் உட்கார்ந்துவிட்டாள். "கொஞ்ச நாள்தான்டி" என்றாள். அந்தக் கொஞ்ச நாள் ஒரு வருஷத்தைத் தாண்டிவிட்டது.

அன்று காலை தங்கை ஜாடியில் தண்டுகள் அசையாமல் நிற்க அடைக்கும் ஈரப் பாசி வாங்க வெளியே போயிருந்தாள். கலைக்கூடத்திலிருந்து ஓர் அம்மா வரப்போகிறார். பழங்கால ஓவியம் ஒன்றில் இருக்கிற மாதிரியே ஜாடியில் பூ அடுக்கிக் காட்ட வேண்டும். பிடித்துவிட்டால் அங்கே வாராவாரம் வேலை. தங்கை என்னதான் அடுக்கியிருக்கிறாள் என்று எட்டிப் பார்க்கத்தான் அக்கா முன்னால் வந்தாள்.

பார்த்தவளுக்குப் பகீரென்றது. ஜாடியில் நட்டநடுவே தலை தொங்கிய ரோஜா. பக்கத்தில் புழு அரித்த இலை. மேஜையெல்லாம் உதிர்ந்த இதழ். "நான் ஒரு கண்ணு வைக்கலேன்னா கடையைக் குட்டிச்சுவராக்கிடுவா" என்று முணுமுணுத்தாள். கை தானாக வேலையில் இறங்கிவிட்டது. வாடினதைப் பிடுங்கினாள், இலையைக் கிள்ளினாள், இதழ்களை வழித்து எல்லாவற்றையும் வாளியில் போட்டாள், புது ரோஜா ஒன்றை நிமிர்த்திச் செருகினாள். எவ்வளவு நாளைக்கப்புறம்! மனசு நிறைந்துபோயிற்று.

உள்ளே நுழைந்த தங்கை தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"ஐயோ அக்கா, என்ன பண்ணி வெச்சிருக்கே!"

"நீ பண்ணாததைப் பண்ணி வெச்சிருக்கேன். வாடின பூவைக் காட்டியா வேலை கேப்பே?"

தங்கை ஓவியத்தின் அச்சுப் படத்தை முகத்துக்கு நேராக நீட்டினாள். அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள். அதே தொங்கின ரோஜா, அதே ஓட்டை இலை, அதன் மேல் ஒரு புழு வேறு.

"நல்ல பூ வாங்க இவனுக்கு வக்கில்லையா?"

"வேணும்னேதான் வரைஞ்சிருக்கான். மொட்டு, மலர்ந்தது, வாடினது எல்லாம் சேர்ந்தாத்தான் அந்தப் படம். பக்குவமா வாட வெச்ச ரோஜா அது, அக்கா!"

"அதுக்குன்னு முன்னாடியா வைப்பாங்க? வர்றவங்க முகம் சுளிக்க மாட்டாங்க?"

கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது, கேட்டது பூவைப் பற்றி இல்லை என்று. தங்கைக்கும் உறைத்துவிட்டது. அவள் கோபம் போன இடம் தெரியவில்லை.

"சுளிச்சா சுளிச்சுட்டுப் போகட்டும். நீ கல்லால இல்லாம எனக்கு இந்தக் கடையே பிடிக்கலக்கா."

அக்கா வாளிக்குள் கைவிட்டு வாடின ரோஜாவை எடுத்துத் தண்ணீரை உதறினாள்.

"நீ வெச்சிருந்ததும் தப்பு. தண்டு ஒடிஞ்ச மாதிரி நின்னுச்சு. பூ தன் கனத்துல சாயணும். வாடுற பூவைப் பார்த்துப் பார்த்துத்தானே நான் காலம் தள்ளினேன், எனக்குத் தெரியாதா?"

தண்டை வளைத்துச் செருகி, விரலால் தாங்கிப் பிடித்தாள். "ம், பாசியை வெச்சு அழுத்து."

வாசல் மணி அடித்தது. பழக்க தோஷம், அக்காவின் கால் பின்னறைப் பக்கம் திரும்பியது. கையை விட்டால் ரோஜா கவிழ்ந்துவிடும். நின்றாள்.

"வாங்கம்மா, உள்ள வாங்க" என்றாள். வார்த்தை கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. தங்கை பாசியைக் கையில் வைத்துக்கொண்டு, அழுத்த மறந்து அவளையே பார்த்தாள்.